கடைசிக் காணியும் பத்தாம் நிலையும்

உயர்தரப் பரீட்சை முடிவு வந்த நாளிலிருந்து கன மாதம் என்னை வீட்டில் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. உயிரியல் பிரிவில் எனக்கு மாவட்ட நிலை பத்து. அன்று பின்னேரம் பரந்தன் சந்தியில் அப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது பழக்கடைக்காரர், "பத்தின்ர அப்பா வாறார்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா அதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். அதோடு நான் பத்தாகிவிட்டேன். "பத்து சாப்பிட்டிட்டுதோ?" என்று அம்மாவைக் கேட்பார். "பத்து, அந்தச் சாவியை எடு பிள்ளை" என்பார்.

பத்து நல்ல எண்தான். ஆனால் அதற்கு முந்தின வருடம் எங்கள் மாவட்டத்திலிருந்து மருத்துவ பீடத்துக்கு எடுபட்டவர்கள் ஒன்பது பேர். இந்த வருடமும் அப்படித்தான் இருக்கும் என்று ரியூசன் வாத்திமார் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். எங்கள் நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் மாவட்டம் மாவட்டமாகத்தான். நாட்டில் எத்தனையாம் ஆள் என்பதைவிட, எங்கள் மாவட்டத்தில் எனக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே பெரிய விசயம். கடைசியாக உள்ளே போகிறவரின் புள்ளிதான் வெட்டுப்புள்ளி. அது வெளியாக மாதக்கணக்காகும். அதுவரைக்கும் எங்களைப் போன்றவர்கள் வரம்பில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நிற்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா போன் எடுத்தார். "உங்கட பக்கம் வெட்டுப்புள்ளி குறைவுதானே, அதுக்கும் எட்டேல்லையோ?" என்று மிக அன்பாக விசாரித்தார். அம்மா போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்ச் சட்டிகளோடு கன நேரம் கோபித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த இடம் வேண்டும். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாவைவிட எனக்குத்தான் அது கூடுதலாக வேண்டியிருந்தது. சின்ன வயதில் அம்மாவுக்கு மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது ஒரு டொக்டர் இருந்தார். மெலிந்த பெண். அவர் அப்பாவைக் கதிரையில் இருத்தி, "வீட்டுக்குள்ள நெல்லுத் தூசி பறக்க விட்டிட்டு இஞ்ச கொண்டு வாறீங்களோ?" என்று ஏசினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்" என்றார். அப்பாவை இருத்தி ஏசுவதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால் அதைவிட நல்ல உத்தியோகம் வேறு இருக்க முடியாது என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். பிறகு வேறு நல்ல காரணங்களும் சேர்ந்தன. ஆனால் முதல் காரணம் அதுதான். கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் அதே பரீட்சை, அதே ரியூசன் கொட்டில், அதே வாங்குப் பலகை.

அப்பாவுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வாய்க்காலைச் சொல்ல வேண்டும். அப்பாவின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியபோது கிடைத்தது வாய்க்காலின் கடைசிக் காணி. மழையில்லாத சிறுபோகத்தில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். மேற்காணிக்காரர் எல்லாரும் பாய்ச்சி, தங்கள் வாய்க்கால் கதவை மூடி, மிச்சம் எங்களுக்கு வரவேண்டும். பல வருடம் மிச்சம் என்று ஒன்று வராது. அப்போது அப்பா வாழைப்பழச் சீப்போடு வாய்க்கால் வழியே மேலே போவார். அவர் தண்ணீர் கேட்கும் முறை ஊருக்குள் பேர்போனது. வீட்டுக்குள் போய் மழையைப் பற்றிக் கதைப்பார். உரத்தைப் பற்றிக் கதைப்பார். அவர்களின் முழங்கால் நோவை விசாரிப்பார். தண்ணீர் என்ற சொல்லே வாயில் வராது. எழும்பி, செருப்பைப் போட்டு, கேற்றடிக்குப் போய், படலையில் கையை வைத்த பிறகுதான் திரும்புவார். "அப்ப அண்ணை... அந்தக் கதவு..." என்பார். இப்படித்தான் எங்கள் வயல் இத்தனை காலமும் விளைந்தது.

முடிவு வந்து மூன்றாம் நாள் அப்பா சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்.

"இதுவும் முறைத் தண்ணிதானே. மேல உள்ளவன் ஒருத்தன் தன்ர கதவை மூடினால் எங்களுக்கு வரும்."

"அப்பா, இது கம்பியூட்டர் செய்யிறது."

"கம்பியூட்டருக்கும் ஆர் ஆர் எதைக் கேட்டவை எண்டுதானே தெரியும். ஒன்பது வேற படிப்பைக் கேட்டால் இடம் பத்துக்கு வருமோ வராதோ?"

வரும்தான். அதுதான் எரிச்சல். விண்ணப்பத்தில் எந்தப் படிப்பு வேண்டும் என்று விருப்ப ஒழுங்கில் போடுவோம். முன்னால் நிற்கிறவர் மருத்துவத்தை முதலில் போடாவிட்டால் பின்னால் நிற்கிறவர் ஒரு அடி முன்னே வருவார். அப்பா பரீட்சை எழுதாதவர். ஆனால் வரிசையில் பின்னால் நிற்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்பது யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. சின்ன மாவட்டம். ஆனால் தெரியவந்தபோது அம்மா கையிலிருந்த அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது வேறு யாருமில்லை, எங்களுக்கு நேர் மேற்காணிக்காரரின் மகள். எந்த மனிதரின் கதவை மூடச் சொல்லி அப்பா பாதி ஆயுளைக் கழித்தாரோ, அதே மனிதர்.

"அங்க போகாதேங்கோ" என்றார் அம்மா.

"பழகின வாசல்தானே" என்றார் அப்பா. பழம் வாங்க அப்போதே வெளிக்கிட்டுவிட்டார்.

அடுத்த நாள் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். நான் ஏன் என்று கேட்டேன். "காய்ஞ்ச பயிரைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காட்டித்தான் தண்ணி கேக்கிறது. சும்மா கேட்டால் மனம் இளகாது" என்றார். ஆக நான் காய்ந்த பயிர். என் முகத்தில் பவுடர் இருப்பதைப் பார்த்துத் துடைக்கச் சொன்னார்.

மேற்காணிக்காரர் எங்களைக் கதிரையில் இருத்தினார். அப்பா மழையில் தொடங்கினார். உரத்துக்கு வந்தார். முழங்காலுக்கு வந்தார். பிறகு அவரது வழமைக்கு மாறாக, டொக்டர்மாரின் வாழ்க்கை எவ்வளவு துன்பமானது என்பதில் இறங்கினார். இரவு நித்திரை இல்லையாம். சோறு ஆறின பிறகுதான் தின்னக் கிடைக்குமாம். பெத்த பிள்ளைகளுக்கு நல்ல நாள் பெருநாள் தெரியாதாம். எங்கேயோ காட்டுக்குள் மாற்றிவிடுவார்களாம். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு காய்ந்த பயிராக இருந்தேன்.

மேற்காணிக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "இவ்வளவு கஷ்டமெண்டால் உம்மட பிள்ளையை ஏன் விடுறீர்?" என்றார்.

அப்பா ஒரு கணமும் தயங்கவில்லை. "நாங்கள் கஷ்டப்பட்டுப் பழகின ஆக்கள்தானே அண்ணை."

அந்த நேரம் ஒன்பது பின்பக்கத்தால் வந்தாள். முழங்கை வரைக்கும் சாணி. கன்றுக்குட்டிக்கு வயிற்றோட்டம் என்று மாட்டுக்கொட்டிலுக்குள் இருந்திருக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். தகப்பனுக்கு அவள் அந்தக் கோலத்தில் வந்தது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

நாங்கள் எழும்பினோம். அப்பா செருப்பைப் போட்டார். படலையில் கை வைத்தார். திரும்பினார்.

"அப்ப அண்ணை... அந்தப் பிள்ளையின்ர படிப்பு..."

"தம்பி," என்றார் மேற்காணிக்காரர், "தண்ணியெண்டால் ஒருநாள் விட்டுத்தரலாம். அது அடுத்த முறைக்குத் திரும்பி வரும். இதை விட்டால் திரும்பி வராது."

அப்பா வழி நெடுக மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. அந்த மனிதர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியாததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஒரு கிழமைக்குப் பிறகு நான் வாய்க்கால் மதகடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்க, ஒன்பது தன் சைக்கிளில் வந்து இறங்கினாள். மதகுக் கட்டில் என் பக்கத்தில் இருந்தாள்.

"டொக்டர்மார் சோறு ஆறித்தான் தின்னுவினமாமே. நான் கிணத்தடியில நிண்டு எல்லாம் கேட்டனான்."

"அவர் அப்பிடித்தான். விடு."

"உண்மையைச் சொல்லட்டோ? எனக்கு மெடிசின் வேண்டாம். மாட்டு டொக்டருக்குப் படிக்கத்தான் விருப்பம். பேராதனைக் கம்பசுக்குப் போகவேணும். அப்பாட்டச் சொன்னால், இவ்வளவு படிச்சது மாட்டுக்குப் பின்னால திரியவோ எண்டு கேப்பார்."

நான் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "விருப்பமெண்டால் அதை முதலாவதாப் போடன்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ எனக்காகச் சொல்லுறியோ, உனக்காகச் சொல்லுறியோ?"

"ரெண்டுக்கும்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் வாய்க்காலில் நின்ற கொக்கு எழும்பிப் பறந்தது. "எனக்காக மட்டும் எண்டு சொல்லியிருந்தியெண்டால், உனக்குப் பாடம் படிப்பிக்கவே மெடிசின் போட்டிருப்பன்" என்றாள். போடுவாளா மாட்டாளா என்று மட்டும் சொல்லவில்லை. கன்றின் வயிற்றோட்டம் நின்றுவிட்டதைப் பற்றி நிறையச் சொன்னாள்.

இதை நான் வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அப்பா அன்றிலிருந்து நிமிர்ந்து நடக்கத் தொடங்கினார். ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் முன்வரிசைக் கதிரையில் போய் இருந்தாராம்.

அந்த நாட்களில்தான் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எப்போதோ வந்து காட்டுக்கரைப் பக்கம் குடியேறிய குடும்பம். சைக்கிள் கரியரில் ஒரு பை நிறையக் கச்சான் கடலை கட்டியிருந்தார். அப்பாவுக்கு அவரை முன்பின் தெரியாது. ஆனாலும் கதிரை போட்டார். "எந்த வாய்க்கால்?" என்று கேட்டார். எங்கள் பக்கம் ஊர் கேட்பதற்குப் பதிலாக அப்படித்தான் கேட்பது.

"வாய்க்கால் ஒண்ணும் இல்லண்ணே. மேட்டுக்காணி. மழைய நம்பித்தான்."

"பாவம்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, வாய்க்காலில் கடைசிக் காணியாக இருப்பது எவ்வளவு துன்பம் என்று அவருக்கு விளக்கத் தொடங்கினார். வாய்க்காலே இல்லாத மனிதர் அதை முழுவதும் தலையாட்டிக் கேட்டார். பிறகு அவர் மழை பிந்துவதைப் பற்றிச் சொன்னார். கச்சான் விலையைப் பற்றிச் சொன்னார். அப்பாவின் முதுகு நோவை விசாரித்தார். நான் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க எனக்கு ஏதோ பழகின பாட்டு மாதிரி இருந்தது. அம்மா என்னைப் பார்த்தார். "இந்தாள் வேற எதுக்கோ வந்திருக்கு" என்று மெதுவாகச் சொன்னார்.

அவர் எழும்பினார். செருப்பைப் போட்டார். படலையில் கை வைத்தார். அம்மாவும் நானும் ஜன்னலுக்கு வந்துவிட்டோம்.

"அப்ப அண்ணே... பாப்பா மருத்துவத்துக்குத்தான் போடுதுங்களா?"

அப்பா திகைத்துப்போனார்.

"நம்ம பையன் பதினொண்ணு" என்றார் அவர்.

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தோள் நிமிர்ந்தது. தொண்டையைச் செருமினார். பிறகு அந்த வாசகம் வந்தது, ஒரு சொல் பிசகாமல்.

"தம்பி, தண்ணியெண்டால் ஒருநாள் விட்டுத்தரலாம். அது அடுத்த முறைக்குத் திரும்பி வரும். இதை விட்டால் திரும்பி வராது."

"சரிங்கண்ணே. சும்மா கேட்டு வச்சேன்" என்றார் அவர். கச்சான் பையை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அப்பா உள்ளே வந்து, "என்ன மாதிரி ஆக்கள் இவை? இதெல்லாம் வீட்டுக்கு வந்து கேக்கிற விசயமோ?" என்றார்.

"கேக்கிறது பிழையெண்டால் நீங்கள் என்னத்துக்கு வாழைப்பழம் வாங்கினனீங்கள்?" என்றார் அம்மா. அப்பா மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போனார். அன்று இரண்டு தடவை வைத்தார்.

விண்ணப்பம் போட்டு முடிந்து சில நாளில் மேற்காணிக்காரர் வந்தார். உள்ளே வரவில்லை. ரோட்டில் நின்றே கூப்பிட்டார். அவர் கையில் பழச்சீப்பு இல்லை. அதனால் அவருக்குப் படலைவரை காத்திருக்கத் தேவையும் இருக்கவில்லை.

"உம்மட கதையைக் கேட்டுத்தான் என்ர பிள்ளை மாட்டு டொக்டருக்குப் போட்டிருக்குது. சோறு ஆறுமாம். நித்திரை இல்லையாம். நீர் செய்தது நல்லாயில்லை."

அடுத்த முறைத் தண்ணீருக்கு மேற்காணிக் கதவு வழமையைவிடப் பிந்தித்தான் மூடப்பட்டது. கதிர் வரப்போகும் குடலைப் பருவத்தில் நின்ற எங்கள் பயிரில் கீழ்ப்பக்கத் துண்டு மஞ்சளடித்தது. அப்பா வரம்பில் நின்று அதைப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. "பரவாயில்லை. இந்தமுறை பயிரை விட்டுப் பிள்ளையை எடுத்திட்டம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்குப் பிறகு இன்றுவரை பார்க்கவில்லை.

வெட்டுப்புள்ளி ஒரு மத்தியானம் வந்தது. நான் போனில் பார்த்தேன். எங்கள் மாவட்டம், மருத்துவம். என் புள்ளி அதற்கு மேலே இருந்தது. நான் கத்தவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா பார்த்துவிட்டு என் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அவர் சட்டையில் வெங்காய மணம். நான் ஆசை தீர அழுதேன்.

அப்பா வயலிலிருந்து வந்தார். அவருக்கு எங்கள் எல்லாருடைய புள்ளியும் தசமத்தோடு மனப்பாடம். போனை வாங்கி, தூரத்தில் பிடித்து, வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"இது பதினொண்டின்ர புள்ளியெல்லோ?"

ஓம், அது பதினொன்றின் புள்ளிதான். அந்த வருடம் ஒரு இடம் கூட்டியிருந்தார்கள். பத்துப் பேர். ஒன்பது விலகாமல் இருந்திருந்தாலும் பத்தாம் ஆளாக நான் உள்ளே போயிருப்பேன். அவள் விட்ட இடம் என்னைத் தாண்டிப் பதினொன்றுக்குப் போயிருக்கிறது.

"அப்ப நான் மேல போய்க் கேட்டது..." என்றார் அப்பா.

"எங்களுக்குத் தேவைப்படேல்லை அப்பா. அந்தக் கச்சான்காரரின்ர மகனுக்குத்தான் போயிருக்கு."

அப்பா கதிரையில் இருந்தார். வாழைப்பழம், காய்ந்த பயிர், சோறு ஆறும் கதை, மஞ்சளடித்த துண்டு, எல்லாவற்றையும் அவர் மனதுக்குள் ஒன்றொன்றாகப் போட்டுப் பார்ப்பது தெரிந்தது. குசினிக்குள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முயன்று இருமினார்.

பின்னேரம் ஒன்பது போன் எடுத்தாள். பேராதனை அவளுக்குச் சரிவந்திருந்தது. "அப்ப நான் உனக்கு ஒண்டும் விட்டுத்தரேல்லை" என்றாள்.

"இல்லை."

"நல்லது. இனி அப்பா உங்கட அப்பாவை ஏசேலாது. என்னைத்தான் ஏசவேணும்." அவள் குரலில் பயம் கொஞ்சமும் இல்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த நிமிசத்தில்தான். இன்றைக்கும் எங்கள் மாட்டுக்கு ஏதாவது என்றால் அம்மா அவளுக்குத்தான் போன் எடுப்பார். அம்மாவுக்கு ஏதாவது என்றாலும் முதலில் அவளுக்குத்தான் எடுப்பார். அது வேறு கதை.

அடுத்த நாள் காலை அப்பா குளித்து வெள்ளைச் சேட்டுப் போட்டார். பழக்கடையில் வண்டியை நிறுத்தி ஒரு சீப்பு வாங்கினார். "ஏறு" என்றார். வாய்க்கால் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. காட்டுக்கரைப் பக்கம் கிரவல் ரோட்டில் போனார். அந்தத் திசையில் அவர் ஒருவரிடமும் எதற்கும் போனதை நான் கண்டதில்லை.

அங்கே வாய்க்கால் இல்லை. மேட்டில் ஒரு வீடு, கச்சான் பிடுங்கிய காணி, ஒரு கிணறு. பதினொன்றின் தகப்பன் ஓடி வந்து கதிரை போட்டார். பதினொன்று மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான். அவன் தாய் தேத்தண்ணி கொண்டுவர, "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்று அப்பா தடுத்துவிட்டார். குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் முன்பின் பழகாத வீட்டில் இலேசில் வாய் நனைக்கிற ஆள் இல்லை. அதுவும் தோட்டத்திலிருந்து வந்த ஆக்களின் வீடுகளில். அவர்களுக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். கோப்பைகள் திரும்பி உள்ளே போயின. எனக்கு அப்பாவை இருத்தி ஏசவேண்டும் போல இருந்தது.

அப்பா மழையைப் பற்றிக் கதைத்தார். கச்சான் விலையைக் கேட்டார். பதினொன்றைப் பார்த்து, "கவனமாப் படி தம்பி" என்றார். எழும்பினார். செருப்பைப் போட்டார். படலையில் கை வைத்தார். திரும்பினார்.

"அப்ப தம்பி... அந்த..."

அவ்வளவுதான் வந்தது. அந்த மனிதர் காத்துக்கொண்டு நின்றார். நானும் காத்துக்கொண்டு நின்றேன். கேட்பதற்கு அப்பாவிடம் ஒன்றும் இருக்கவில்லை. சொல்வதற்கு இருந்தது, அது வாய்க்கு வரவில்லை. அவர் படலையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார்.

"கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றார்.

பதினொன்று ஓடிப்போய் அள்ளினான். அவன் தாய் செம்பை இரண்டு தரம் கழுவிக் கொடுத்தார். அப்பா அதை அண்ணாந்து, இடையில் நிறுத்தாமல், முழுவதும் குடித்தார். வெள்ளைச் சேட்டில் கொஞ்சம் சிந்தியது. செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்ல தண்ணி" என்றார்.

"பிள்ளைக்கும் குடுங்கோ" என்றார்.